மேம்படுத்தலுக்கு மறுநாள்: ஒரு தணிக்கையாளர் அலுவலகமும் மூன்று வெளி வன்வட்டுகளும்

பின்னணி

திருப்பூர் மாவட்டத்தின் சிறு நகரம் ஒன்றில் இயங்கும் தணிக்கையாளர் அலுவலகத்தில் 2025 நவம்பர் நடுவில் நேர்ந்த ஒரு நிகழ்வின் பதிவு இது. அந்த அலுவலகத்தின் கணினிப் பராமரிப்பில் அவ்வப்போது உதவுபவன் என்ற முறையில் நான் அழைக்கப்பட்டேன். தணிக்கையாளரும் உதவியாளர்கள் மூவரும் அங்கே பணிபுரிகிறார்கள். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பின்னலாடை ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறு தொழில் நடத்துபவர்கள். அவர்களில் சிலருக்கு விற்பனை பில்லைக்கூட இந்த அலுவலகமே போட்டுக் கொடுக்கிறது.

முதன்மைக் கணினியுடன் மூன்று வெளி வன்வட்டுகள் இணைக்கப்பட்டிருந்தன. முதலாவதில் டேலி என்னும் கணக்கு மென்பொருளில் எழுதிய நடப்பு ஆண்டின் கணக்குகள் இருந்தன. இதைக் கணக்கு வட்டு என்று குறிப்பிடுகிறேன். தணிக்கையாளர் இரவில் வீட்டிலும் கணக்குப் பார்ப்பவர் என்பதால், கணக்குகள் கணினியின் உள்வட்டில் இல்லாமல் பையில் எடுத்துச் செல்லத்தக்க வட்டில் இருந்தன. இரண்டாவது பேக்கப் வட்டு. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 மணிக்குக் கணக்கு வட்டின் கோப்புறையை அப்படியே இதற்குப் பிரதி எடுக்கும் ஒரு தானியங்கிப் பணி, விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் சில ஆண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்டிருந்தது. மூன்றாவது பழைய ஆண்டுகளின் வட்டு: ஸ்கேன் செய்த பில்கள், வங்கி அறிக்கைகள், தாக்கல் செய்த படிவங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களும், கம்பெனிகள் சட்டப்படி 8 நிதியாண்டுகளும் காக்க வேண்டியிருப்பதால் இந்த வட்டு எப்போதாவதுதான் திறக்கப்பட்டாலும் தூக்கிப் போடக்கூடியது அல்ல. ஆயினும் இதற்கு மட்டும் இன்னொரு பிரதி எங்கும் இல்லை.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், வருமான வரி, ஜிஎஸ்டி தளங்களில் நாள்தோறும் புழங்கும் கணினியைப் பழைய பதிப்பில் வைத்திருக்கத் தணிக்கையாளர் விரும்பவில்லை. உள்ளூர் கணினிக் கடையிலிருந்து ஒரு தொழில்நுட்பப் பணியாளர் ஞாயிற்றுக்கிழமை வந்து, கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும்படி விண்டோஸ் 11-க்கு மேம்படுத்திக் கொடுத்தார். டேலி திறக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்காக மூன்று வட்டுகளும் அன்று கணினியிலேயே விடப்பட்டிருந்தன. மாதாந்தர ஜிஎஸ்டி அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20ஆம் தேதி கெடு. மறுநாள் திங்கள், 17ஆம் தேதி.

திங்கட்கிழமை காலை தெரிந்தவை

டேலி வழக்கம்போல் திறந்தது. நிறுவனங்களின் பட்டியல் வந்தது, பழைய இருப்புகள் சரியாக இருந்தன. சிறிது நேரத்துக்குப் பிறகே ஓர் உதவியாளர், “சார், சனிக்கிழமை போட்ட என்ட்ரி ஒண்ணுமே இல்லைங்க” என்று தணிக்கையாளரிடம் சொன்னார். வெள்ளி வரையிலான பதிவுகள் இருந்தன. சனிக்கிழமை மதியம் வரை மூன்று பேர் உட்கார்ந்து போட்டவை எதுவும் இல்லை. புதிய விண்டோஸ் அவற்றை விழுங்கிவிட்டது என்ற முடிவுக்கு அலுவலகம் உடனே வந்தது. கெடு நெருங்கியதால், கையில் இருந்த காகிதங்களை வைத்து அவர்கள் சனிக்கிழமைப் பதிவுகளை மீண்டும் உள்ளிடத் தொடங்கினர்.

இதற்கிடையே வேறு இரண்டு குறைகளும் தென்பட்டன. ஒரு வட்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை செருகிப் பிடுங்கியதுபோன்ற ஒலியுடன் மறைந்து மறைந்து வந்தது. பழைய ஆண்டுகளின் வட்டைத் திறக்கப் போனால் எக்ஸ்ப்ளோரர் நெடுநேரம் உறைந்து நின்றுவிட்டு, இந்த டிரைவைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்ற செய்தியைக் காட்டியது. தொலைபேசியில் கேட்டபோது கடைப் பணியாளர் இரண்டு வழிகளைச் சொல்லியிருக்கிறார்: முதலில் வட்டின் பிழைகளைச் சரிபார்த்துத் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க் ஓட்டிப் பார்ப்பது, சரிவராவிட்டால் ஃபார்மட் செய்துவிட்டு ரெகவரி மென்பொருள் போட்டு எடுத்துக்கொள்வது. செக்டிஸ்க் அந்த வட்டை ‘ரா’ (கோப்பு அமைப்பு அறியப்படாதது) என்று குறிப்பிட்டு, அத்தகைய டிரைவில் வேலை செய்ய மறுத்துவிட்டது. இரண்டாவது வழிக்குப் போகும் முன்பு என்னைக் கூப்பிட்டார்கள். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது நண்பகல்.

முதலில் நிறுத்தியவை

அலுவலகத்தார் மூன்று குறைகளையும் ஒரே குறையாகப் பேசினார்கள், “அப்டேட் கோளாறு” என்று. மூன்றும் மேம்படுத்தலுக்குப் பிறகு தெரிய வந்தன என்பது உண்மை. அவை மூன்றுக்கும் மேம்படுத்தல்தான் காரணம் என்பது அதிலிருந்து கிடைத்துவிடுவதில்லை. எதையும் சரிசெய்யும் முன்பாக, நிலைமை இதற்குமேல் மாறாமல் இருக்கச் செய்வதே முதல் வேலை என்று முடிவெடுத்தோம்.

டேலியில் பதிவு செய்வதை எல்லாக் கணினிகளிலும் நிறுத்தினோம். பழைய ஆண்டுகளின் வட்டைப் பாதுகாப்பாக அகற்றித் தனியே எடுத்து வைத்தோம். டாஸ்க் ஷெட்யூலரில் அன்று மாலை 6 மணிக்குக் காத்திருந்த பேக்கப் பணியை முடக்கினோம். இந்தக் கடைசிச் செயல் அப்போது வெறும் முன்னெச்சரிக்கைதான். அடுத்த அரை மணி நேரத்தில் அதுவே அன்றைய மிக முக்கியமான செயலாகிவிட்டது.

விண்டோஸ் 10-க்கே திரும்பிவிடலாமா என்று தணிக்கையாளர் கேட்டார். மேம்படுத்திய 10 நாட்களுக்குள் அதற்கு விண்டோஸ் இடம் கொடுக்கிறது. இரண்டு காரணங்களுக்காக வேண்டாம் என்றேன். இணைப்புகளும் டிரைவ் எழுத்துகளும் எந்த நிலையில் உள்ளன என்று தெரியாமல் திரும்புவது இன்னொரு பெரிய மாற்றத்தை அந்தக் குழப்பத்தின் மேலேயே ஏற்றுவதாகும். அத்துடன், மேம்படுத்தலுக்கு முந்தைய இயங்குதளத்தின் பதிவேடுகள் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற கோப்புறையில் அந்த 10 நாட்கள்தான் இருக்கும். எது எப்போது பழுதானது என்று சொல்லக்கூடிய சாட்சி அதுதான்.

எந்த வட்டு எது

கணக்கு வட்டும் பேக்கப் வட்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய, ஒரே அளவும் ஒரே கறுப்பு உறையும் கொண்டவை. மூன்று வட்டுகளுக்குமே கணினியில் ‘நியூ வால்யூம்’ என்ற பெயர்தான். வாங்கிய நாளிலிருந்து யாரும் அதை மாற்றவில்லை. தமிழ்நாட்டில் நான் பார்க்கும் அலுவலக வட்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன. உள்ளே போனால் டேலியின் தரவுக் கோப்புறைகள் நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் வெறும் எண்களாக இருக்கும். ஆகவே கோப்புறையைப் பார்த்து நடப்புக் கணக்கையும் பிரதியையும் பிரித்தறிய ஓர் உதவியாளருக்கு வழியே இல்லை. அவருக்கு உள்ள ஒரே அடையாளம் டிரைவ் எழுத்து: ‘இ’ என்றால் கணக்கு, ‘எஃப்’ என்றால் பேக்கப், ‘ஜி’ என்றால் பழையது.

அந்த அடையாளத்தை ஒதுக்கிவிட்டு, வட்டின் விவரங்களைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் தந்த வரிசை எண்ணை உறையின் அடியில் அச்சாகியிருந்த வரிசை எண்ணுடன் ஒப்பிட்டு ஒவ்வொரு வட்டையும் அடையாளம் கண்டோம். ஒவ்வொன்றிலும் டேலி கோப்புகள் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் குறித்துக்கொண்டோம். ‘எஃப்’ என்று தெரிந்த வட்டில் சனிக்கிழமை மதியம் மாற்றப்பட்ட கோப்புகள் இருந்தன. ‘இ’ என்று தெரிந்த வட்டில் இருந்தவையோ, அன்று காலை மீண்டும் உள்ளிட்டவை நீங்கலாக, வெள்ளி மாலையோடு நின்றிருந்தன. எழுத்துகள் இரண்டும் இடம் மாறியிருந்தன. சனிக்கிழமைப் பதிவுகள் எங்கும் போகவில்லை. அலுவலகம் காலை முதல் பேக்கப் பிரதியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது.

இடம் மாறிய எழுத்துகள்

எந்த வட்டுக்கு எந்த எழுத்து என்பதை விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் வட்டின் அடையாளத்தோடு சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு இருக்கும் வரை எந்தத் துளையில் செருகினாலும் பழைய எழுத்தே கிடைக்கும். குறிப்பு இல்லாதபோது, கண்ணில் பட்ட வரிசைப்படி காலியாக உள்ள எழுத்து வழங்கப்படும். மேம்படுத்தலின்போது வெளி வட்டுகள் செருகப்பட்டே இருந்தால் இது குழம்புவது புதிதல்ல: 2019 மே மாதத்தில் விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு வந்தபோது, யுஎஸ்பி சேமிப்புச் சாதனமோ எஸ்டி கார்டோ செருகியிருந்த கணினிகளில் டிரைவ் எழுத்துகள் தவறாக மாறக்கூடும் என்பதால் மைக்ரோசாஃப்டே அத்தகைய கணினிகளில் மேம்படுத்தலைத் தடுத்து வைத்திருந்தது. இங்கே கணக்கு வட்டு நிலையாக இணைப்பில் நிற்கவில்லை என்பது அடுத்துத் தெரிய வந்ததால், புதிய விண்டோஸ் எழுத்துகளை வழங்கிய கணத்தில் அது மறைந்திருக்க வேண்டும், பேக்கப் வட்டு முந்திக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

மறைந்திருந்த ஆபத்து பேக்கப் பணியில் இருந்தது. அது ரோபோகாப்பி என்னும் விண்டோஸ் கட்டளையை ‘மிரர்’ விருப்பத்தோடு இயக்கும் ஒரு சிறு பேட்ச் கோப்பு (கட்டளைகள் எழுதிய கோப்பு): ‘இ’-யில் உள்ளதை ‘எஃப்’-இல் அப்படியே ஆக்கு. மேம்படுத்தலில் இந்தப் பணி ஒரு குறையும் இல்லாமல் தொடர்ந்தது. மாறியவை எழுத்துகள் மட்டுமே. மிரர் விருப்பம் மூலத்தில் இல்லாத கோப்புகளை இலக்கிலிருந்து அழித்துவிடும். மேலும், தனியாகத் தடுக்காவிட்டால், ரோபோகாப்பி நேரமோ அளவோ மாறுபட்ட கோப்பை எது புதிது என்று பாராமல் மேலெழுதும். மூலத்தில் உள்ளது பழையதாக இருந்தாலும் சரி. அன்று மாலை 6 மணிக்கு அது ஓடியிருந்தால், வெள்ளிக்கிழமைப் பிரதி சனிக்கிழமைக் கணக்கின் மீது ஏறி அமர்ந்திருக்கும். பணி வெற்றிகரமாக முடிந்தது என்று பதிவும் ஆகியிருக்கும். பேக்கப்பே கணக்கை அழித்த நிலை அது. அலுவலகத்தார் அஞ்சியது ஃபார்மட் செய்தியைக் கண்டுதான். அன்று அவர்கள் இழக்கவிருந்ததோ, ஒரு செய்தியும் காட்டாமல் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த இந்தப் பணியால்.

எழுத்துகளை உடனே சரிசெய்யவில்லை. இரண்டு வட்டுகளின் டேலி கோப்புறைகளையும் முதலில் கணினியின் உள்வட்டில் தனித்தனிப் பெயரில் பிரதி எடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போனோம்.

வந்து வந்து போன வட்டு

பிரதி எடுக்கும்போதே கணக்கு வட்டு இரண்டு முறை அறுந்தது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைக் காட்டும் இவன்ட் வியூவரில், யுஎஸ்பி வட்டுகளைக் கையாளும் யுஏஎஸ்பி இயக்கியின் பெயரில் 129 எண்ணுள்ள பதிவுகள் வரிசையாக இருந்தன. சாதனம் பதிலளிக்காததால் இணைப்பு மீட்டமைக்கப்பட்டது என்பது அதன் பொருள். இணையத்தில் இதற்குக் கிடைக்கும் முதல் ஆலோசனை மின்சேமிப்பு அமைப்பில் யுஎஸ்பி சஸ்பெண்டை நிறுத்துவது. அடுத்தது இயக்கியை மாற்றுவது. இரண்டையும் தொடும் முன்பு மேசையின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். மூன்று வட்டுகளும் தனி மின்சாரம் இல்லாத, ஒரு துளையைப் பலவாக்கும் சிறிய ஹப்பில் செருகப்பட்டு, அந்த ஹப் ஒரே துளையில் இணைக்கப்பட்டிருந்தது.

அவை முன்பு கணினியின் பின்புறத்தில் தனித்தனித் துளைகளில் இருந்தவை. ஞாயிறன்று, கணினி தொடங்கும்போது இயங்கும் பயாஸின் அமைப்பை மாற்றுவதற்காகக் கம்பியுள்ள விசைப்பலகையையும் நிறுவலுக்கான பென் டிரைவையும் பின்புறத்தில் செருக வேண்டியிருந்ததால், பணியாளர் வட்டுகளை ஹப்பிற்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறார். யுஎஸ்பி 3.0 துளை ஒன்று தர வேண்டிய மின்னோட்டம் 900 மில்லி ஆம்பியர். சுழலும் வட்டுகள் மூன்று அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. கணக்கு வட்டைப் பின்புறத் துளைக்கு நேரடியாக மாற்றியதும் 129 பதிவுகள் நின்றன. மின்சேமிப்பு அமைப்பையும் இயக்கியையும் தொடவே இல்லை. பத்துத் தீர்வுகளை ஒரே மூச்சில் செய்தால் குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்பி வந்தால் மறுபடி பத்தையும் செய்ய வேண்டியிருக்கும்.

ஃபார்மட் கேட்ட வட்டு

பழைய ஆண்டுகளின் வட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதைக் கணினியில் செருகி வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் விண்டோஸ் அதைப் படிக்க முயலும். பழுது வட்டின் உடலில் இருந்தால் அந்த முயற்சியே பழுதைப் பெருக்கும். ஆகவே முதலில் வட்டைத் தொடாமல் கிடைக்கும் சாட்சியைத் தேடினோம்.

மேம்படுத்தலுக்குப் பின் இவன்ட் வியூவரில் புதிய பதிவேடு தொடங்கியிருந்தது. பழைய பதிவேட்டுக் கோப்பு ‘விண்டோஸ்.ஓல்டு’ கோப்புறைக்குள் இருந்தது. அதை உள்வட்டுக்குப் பிரதி எடுத்துத் திறந்தோம். மேம்படுத்தலுக்குப் பல வாரங்கள் முன்பிருந்தே 153 எண்ணுள்ள பதிவுகளும், அவற்றின் நடுவே 7 எண்ணுள்ளவையும் இருந்தன. முன்னது வட்டின் ஓரிடத்தைப் படிக்கும் முயற்சி மீண்டும் செய்யப்பட்டது என்பதைக் குறிப்பது, பின்னது வட்டில் கெட்ட பகுதி உள்ளது என்பதை. ஆக, விண்டோஸ் 10 இருந்தபோதே இந்த வட்டு தேய்ந்துகொண்டிருந்தது. எப்போதாவது திறக்கும் வட்டு என்பதால் யாரும் கவனிக்கவில்லை; மேம்படுத்தலுக்குப் பின் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று திறந்தபோதுதான் தெரிந்தது. பலர் மேம்படுத்தலின் மீது போடும் பழிகளில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பது என் எண்ணம்.

அடுத்து வட்டைச் சிறிது நேரம் மட்டும் இணைத்து, வட்டு தன் உடல்நிலையைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் படித்தோம். செக்டார்கள் எனப்படும் சிறு சேமிப்புப் பகுதிகளில் மறு ஒதுக்கீடு செய்யப்பட்டவற்றைக் காட்டும் 5ஆம் மதிப்பும், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவற்றைக் காட்டும் 197ஆம் மதிப்பும் சுழியமாக இல்லை. வட்டிலிருந்து டக் டக் என்ற ஒலி வரவில்லை. சுழற்சி சீராக இருந்தது. இந்த இரண்டாவது செய்திதான் எங்கள் முடிவைத் தீர்மானித்தது. வட்டைப் படிக்கும் தலை இடிக்கும் ஒலி கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே மின்சாரத்தை நிறுத்தி, வட்டைத் திறந்து வேலை செய்யும் வசதியுள்ள மீட்பு நிலையத்துக்கு அனுப்பச் சொல்லியிருப்பேன். ஒலி இல்லாததால், முழு வட்டையும் வேறொரு வட்டுக்குப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டுமே பழுது பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

ஃபார்மட் செய்துவிட்டு ரெகவரி போடும் யோசனையை ஏன் ஏற்கவில்லை என்று தணிக்கையாளருக்கு விளக்க வேண்டியிருந்தது. விரைவு ஃபார்மட் புதிய கோப்பு அட்டவணையைப் பழையதன் இடத்தில் எழுதுகிறது. குவிக் ஃபார்மட் என்ற தேர்வை எடுத்துவிட்டுச் செய்தாலோ, விண்டோஸ் விஸ்டா பதிப்பு முதல் முழு ஃபார்மட் வட்டு நெடுகச் சுழியங்களை எழுதிவிடும். அதன் பிறகு மீட்க ஒன்றும் இருக்காது. நொடித்துப்போன வட்டில் எதையும் எழுதக் கூடாது என்பதால் செக்டிஸ்க்கும் அதே காரணத்துக்காக விலக்கப்பட்டது. நல்ல வேளையாக, அது தானாகவே மறுத்துவிட்டிருந்தது.

அதைவிடக் கொள்ளளவில் பெரிய புதிய வட்டு ஒன்று வாங்கப்பட்டது. மடிக்கணினி ஒன்றை லினக்ஸ் பென் டிரைவிலிருந்து இயக்கி, குனு டிடிரெஸ்க்யூ கொண்டு பிரதி எடுத்தோம். இந்தக் கருவியின் சிறப்பு, எளிதாகப் படிக்க முடிந்தவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளைக் கடைசிக்கு ஒதுக்குவது. எங்கே எவ்வளவு படித்தோம் என்பதைத் தனிக் கோப்பில் குறித்து வைப்பதால் இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்; அன்றிரவு அங்கே ஒருமுறை போகவும் செய்தது. மூல வட்டு எது, இலக்கு எது என்பதை வரிசை எண்ணால் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்த பிறகே கட்டளையைத் தொடங்கினோம். இங்கே இடம் மாறினால் வெற்று வட்டு நிறைந்த வட்டின் மீது எழுதப்படும், அதற்குப் பின் செய்வதற்கு எதுவும் இல்லை.

மறுநாள் காலை மிகச் சிறு பகுதி தவிர மற்றவை வந்திருந்தன. அந்தச் சிறு பகுதிகளில் ஒன்று விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் உள்ள பகிர்வின் (வட்டின் பிரிவு) முதல் செக்டாரான பூட் செக்டார். வட்டு ‘ரா’ என்று தெரிந்ததற்கும் ஃபார்மட் கேட்டதற்கும் அதுதான் காரணம். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன, நுழைவாயில்தான் படிக்க முடியாமல் இருந்தது. என்டிஎஃப்எஸ் இந்தச் செக்டாரின் பிரதி ஒன்றைப் பகிர்வின் கடைசிச் செக்டாரில் வைத்திருக்கும். பகிர்வுகளை மீட்கும் டெஸ்ட்டிஸ்க் மென்பொருளில் பார்த்தபோது அந்தப் பிரதி நலமாக இருந்ததால், புதிய வட்டில் அதை முதல் செக்டாருக்கு எழுதினோம். பகிர்வு திறந்தது. அதன் பிறகே, அதுவும் புதிய வட்டில் மட்டும், செக்டிஸ்க் ஓட்டினோம். தாய்க் கோப்புறையை இழந்த சில கோப்புகளை அது தனிக் கோப்புறை ஒன்றில் சேர்த்துக் கொடுத்தது.

இரண்டு கணக்குகளை ஒன்றாக்குதல்

தொழில்நுட்ப வேலை முடிந்தாலும் அலுவலகத்தின் வேலை முடியவில்லை. கணக்கு வட்டில் சனிக்கிழமைப் பதிவுகள் இருந்தன. பேக்கப் வட்டில் அதே பதிவுகளில் ஒரு பகுதியின் மறு உள்ளீடும் திங்கள் காலையின் புதிய பதிவுகளும் இருந்தன. ஒரு பிரதியிலிருந்து ஏற்றுமதி செய்து மற்றதில் இறக்கிவிடலாம் என்ற யோசனை வந்தது. ஒரே பில் இரண்டு முறை ஏறும் வாய்ப்பு இருந்ததால் அது கைவிடப்பட்டது.

இரண்டு பிரதிகளின் டே புக்கையும் (நாள்வாரிப் பதிவேடு) அச்செடுத்து உதவியாளர்கள் வரிக்கு வரி ஒப்பிட்டனர். மறு உள்ளீட்டில் சில கொள்முதல் பில்கள் விடுபட்டிருந்தன. அவற்றின் காகிதங்கள் சனிக்கிழமையே வாடிக்கையாளரிடம் திருப்பித் தரப்பட்டிருந்ததே காரணம். எனவே கணக்கு வட்டின் பிரதியையே அதிகாரபூர்வமானதாகக் கொண்டு, திங்கள் காலையின் புதிய பதிவுகளை மட்டும் அதில் கையால் உள்ளிடுவது என்று தணிக்கையாளர் முடிவு செய்தார்.

இந்த ஒப்பீட்டில் ஒரு விஷயம் வெளிப்பட்டது. வாடிக்கையாளர் ஒருவருக்குத் திங்கள் காலை போட்ட விற்பனை பில்லுக்கு, சனிக்கிழமை போட்ட வேறொரு பில்லின் எண்ணே விழுந்திருந்தது. வெள்ளியோடு நின்ற பிரதியில் டேலி அடுத்த எண்ணைத் தானாகக் கொடுத்ததன் விளைவு இது. ஒரு நிதியாண்டில் விலைப்பட்டியலின் எண் ஒருமுறைதான் வரலாம் என்பது ஜிஎஸ்டி விதி. அந்த பில் இன்னும் சரக்கோடு அனுப்பப்படவில்லை என்பதால் கிழித்துவிட்டு, சரியான எண்ணுடன் புதிதாகப் போட முடிந்தது. அனுப்பியிருந்தால், வாங்கியவரின் உள்ளீட்டு வரிக் கணக்கு வரை அந்தச் சிக்கல் போயிருக்கும்.

ஜிஎஸ்டிஆர்-3பி படிவங்கள் கெடுவுக்குள் தாக்கல் ஆயின.

பின்விளைவும் மாற்றப்பட்டவையும்

மூன்று வட்டுகளுக்கும் அவற்றின் வேலையைச் சொல்லும் பெயர் கணினியிலும், உறையின் மேல் சீட்டிலும் இடப்பட்டது. கணக்கு வட்டுக்கும் பேக்கப் வட்டுக்கும் எழுத்து வரிசையின் கடைசிப் பக்கத்திலிருந்து எழுத்துகள் கொடுத்தோம். புதிதாகச் செருகும் பென் டிரைவ்கள் முன்வரிசை எழுத்துகளையே எடுத்துக்கொள்வதால் மோதல் குறையும். ஆனால் இதை நான் பாதுகாப்பாகக் கருதவில்லை, வசதியாகத்தான் கருதுகிறேன். எழுத்தை நம்பி ஒரு கட்டளை எழுதியதுதான் அடிப்படைக் குறை. இப்போது இரண்டு வட்டுகளின் வேரிலும் தத்தம் பெயருள்ள ஒரு சிறிய அடையாளக் கோப்பு இருக்கிறது. மூலத்தில் மூலத்தின் கோப்பும் இலக்கில் இலக்கின் கோப்பும் இருந்தால் மட்டுமே பேட்ச் கோப்பு மேலே நகரும். இல்லாவிட்டால் திரையில் எச்சரித்துவிட்டு நின்றுவிடும். எழுத்துகளை வேண்டுமென்றே மாற்றி வைத்து இயக்கிப் பார்த்தோம், அது நின்றது.

மிரர் முறை முழுவதும் கைவிடப்பட்டது. ஒவ்வொரு நாளும் அந்தத் தேதியின் பெயரில் தனிக் கோப்புறையில் பிரதி விழுகிறது, சனிக்கிழமையும் சேர்க்கப்பட்டது. டேலி தரவு பெரும்பாலும் சிறியது என்பதால் ஒரு மாதப் பிரதிகளை வைத்திருப்பதற்கு இடப் பற்றாக்குறை இல்லை. நடப்புக் கணக்கு உள்வட்டுக்கு மாற்றப்பட்டு, தணிக்கையாளர் மாலையில் எடுத்துச் செல்வது அதன் பிரதி என்ற ஏற்பாடு பேசி முடிவாகியிருக்கிறது. வீட்டில் அவர் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார், பதிவு எதுவும் செய்ய மாட்டார் என்ற நிபந்தனையோடு. இந்த நிபந்தனை எவ்வளவு நாள் நிற்கும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இனி எந்தப் பெரிய மேம்படுத்தலுக்கும் முன்பு வெளி வட்டுகள் எல்லாம் கழற்றப்பட வேண்டும், எந்த வட்டுக்கு எந்த எழுத்து, எந்தத் துளை என்று டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் படம் எடுத்து வைக்க வேண்டும், தானியங்கிப் பணிகள் முடக்கப்பட்டிருக்க வேண்டும். மேம்படுத்தல் முடிந்தபின் வட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிச் சரிபார்த்த பிறகே பணிகள் இயக்கப்படும். கடைப் பணியாளருக்கும் இந்தக் குறிப்பு கொடுக்கப்பட்டது. அவர் செய்தது திறமைக் குறைவால் அல்ல. வட்டுகளில் என்ன இருக்கிறது, மாலை 6 மணிக்கு என்ன ஓடும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பழைய ஆண்டுகளின் கோப்புகளில், ஒரு வாடிக்கையாளருடைய ஸ்கேன் கட்டில் சில பக்கங்கள் திறக்கவில்லை. தாக்கல் செய்த படிவங்கள் அரசுத் தளங்களிலிருந்து மறுபடி பதிவிறக்கப்பட்டன. வங்கி அறிக்கைகள் வங்கியிலிருந்து பெறப்பட்டன. கொள்முதல் பில்களின் மூலக் காகிதங்கள் வாடிக்கையாளரின் கிடங்கில் இருப்பதாகத் தெரிகிறது. அவற்றை மீண்டும் ஸ்கேன் செய்ய ஓர் உதவியாளர் நியமிக்கப்பட்டுள்ளார். அந்த வேலை முடியும் வரை பழைய வட்டு, எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்ற சீட்டுடன் இரும்பு அலமாரியில் வைக்கப்பட்டிருக்கிறது. மீட்ட தரவின் இரண்டாவது பிரதி ஒன்று தணிக்கையாளரின் வீட்டில் உள்ளது.